மச்சான் நகர்த்திய கிணறு

ஏனுங் தம்பி, அந்தப் போனைச் சித்தெ இப்படித் திருப்புங்க. அந்த நீலப் புள்ளிதான் நம்ம பஸ்ஸுங்களா? கிணத்துக்கடவு தாண்டிட்டமா? சரி. அந்தப் புள்ளியைச் சுத்தி வெளுப்பா ஒரு வட்டம் இருக்குது பாருங்க. ஒரு நேரம் பெருசாகுது, ஒரு நேரம் சிறுசாகுது. அது என்னன்னு தெரியுங்களா? தெரியாது. வெக்கப்படாதீங்க, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வட்டத்தாலதான் நான் எம்பட மச்சான்கிட்ட நாலு மாசம் பேசலை.

மச்சான் இவருதானுங்க. ஜன்னலோரம் காலை நீட்டிட்டுத் தூங்கறாரே, சென்னியப்பன். எம்பட ஊட்டுக்காரி துளசிமணிக்கு அண்ணன். தூங்கட்டும். முழிச்சிருந்தா கதையைச் சரியாச் சொல்ல உடமாட்டாரு, நடுவுல நடுவுல திருத்துவாரு.

எங்களுக்கு ஆனமலைப் பக்கமுங்க. அவரு தோப்பும் எம்பட தோப்பும் ஒட்டினாப்பல இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல வேலி கெடையாது, நாலு எல்லைக்கல்லு, அவ்வளவுதான். எல்லையில நிக்கற மரத்துல காய் உழுந்தா, யாரு பக்கம் உருண்டுச்சோ அவிய எடுத்துக்குவோம். சண்டைன்னு ஒண்ணு வந்ததில்லை. அப்பெல்லாம் அறிவு கம்மி, அதனால சண்டை வரலைன்னு வெச்சுக்குங்க.

அறிவைக் கொண்டாந்தது எம்பட மருமகன். உடுமலைப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில இஞ்சினியரு. எங்கெங்க காத்தாடி நடலாம்னு காடு காடாப் போய்க் குறிச்சுட்டு வர்றதுக்கு அவனுக்குக் கையில புடிக்கற ஜிபிஎஸ் மெஷின் ஒண்ணு குடுத்திருந்தாங்க. கம்பெனியில புதுசு வந்ததும் பழசை எனக்குக் குடுத்துட்டான். “மாமா, இது வானத்துல சுத்தற செட்டலைட்டைப் புடிச்சு, நீங்க நிக்கற எடத்தைச் சொல்லும்”னான். அப்படீங்களான்னு வாங்கினேன். மெஷின் மூஞ்சியில மூணு மீட்டர்னு காட்டுச்சு, உங்க போன் வட்டமாக் காட்டறதை அது நம்பராக் காட்டும். அது என்னப்பா மூணுன்னேன். “அவ்வளவு துல்லியம் மாமா”ன்னுட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான். அவன் மேல நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். நல்ல பையன். கணக்குல மட்டும் கொஞ்சம் மட்டம்.

அடுத்த நாளே நாலு கல்லு மேலயும் ஏறி நின்னு மெஷின்ல குறிச்சு வெச்சேன். எதுக்குன்னு கேக்காதீங்க. மெஷின் இருந்தா எதையாச்சும் குறிக்கோணுமில்லீங்களா?

ஒரு பத்து நாள் கழிச்சுச் சும்மா போனேன். ரெண்டாவது கல்லு மேல ஏறி நின்னுட்டு மெஷினைப் பாத்தா, “கல்லு இன்னும் நாலு மீட்டர் மேக்கால இருக்குது”ங்குது. நான் நிக்கறதே கல்லு மேல! காலைக் கீழ பாத்தேன், கல்லு இருக்குது. மெஷினைப் பாத்தேன், கல்லு அங்கில்லை, மேக்கால இருக்கோணும்ங்குது. மேக்கால மச்சான் தோப்பு. அப்படீன்னா என்னுங்க அர்த்தம்? மேக்கால இருந்த கல்லு கெழக்கால எம்பட பக்கம் நகந்து வந்திருக்குது. கல்லு தானா நகருமா?

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க. அன்னைக்கு அவரும் இப்படித்தான் சிரிச்சாரு.

நேரா அவரு ஊட்டுக்குப் போனேன். வாசல்ல உக்காந்து முட்டிக்குத் தைலம் தேச்சுட்டிருந்தாரு. அவருக்கு அப்பவே முட்டி வலி உண்டுங்க. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

“மச்சான், ரெண்டாவது கல்லு நகந்திருக்குதுங்க.”

“எவ்வளவு தூரம் மாப்ளே?”

“நாலு மீட்டருங்க.”

“யாரு நகத்துனாங்களாம்?”

“அதை மெஷின் சொல்லாதுங்க. நாமதான் ரோசனை பண்ணோணும்.”

என்னையே பாத்தாரு. அப்பறம் தைலத்தை மூடி வெச்சுட்டு, நொண்டி நொண்டிக் கூட வந்தாரு. கல்லைச் சுத்தி ஆளு ஒசரத்துக்குச் செடி. பாதிக் கல்லு கரையான் புத்துக்குள்ள. மேல பாசி புடிச்சு, ஓணான் ஒண்ணு படுத்திருந்துச்சு.

“இந்தப் புத்து, பாசி, ஓணான் எல்லாத்தையுமா நான் தூக்கியாந்து வெச்சேன்?”ன்னாரு.

“அதைத்தானுங்க மச்சான் நானும் உங்களைக் கேக்கறேன்.”

அதுக்கு அவரு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு! ஓணானே எந்திரிச்சு ஓடிப்போச்சு. குத்தமில்லாத மனுசன் கோவப்படுவான். சிரிக்க மாட்டான். அதுலயே எனக்குப் பாதி தெரிஞ்சுபோச்சு.

அன்னையிலிருந்து பேச்சை நிறுத்திட்டேன். தெனமும் போய் அளக்கறதுதான் வேலை. ஒரு நாள் கல்லு ரெண்டு மீட்டர் நகந்திருக்கும், ஒரு நாள் அஞ்சு மீட்டர். ஒரு நாள் தெக்க, ஒரு நாள் வடக்க. மனுசன் தூங்கறதே இல்லை போலிருக்குதுன்னு நெனச்சேன். துளசிமணி கேட்டா, “கல்லு நகந்துச்சா, உங்க புத்தி நகந்துச்சா? எங்கண்ணன் சேர்லருந்து எந்திரிக்கறதுக்கே ரெண்டு பேரு வேணும்”னு. ரெண்டு பேரு வெச்சு நகத்தியிருப்பாருன்னேன். அன்னைக்கு அவ எனக்குச் சோத்தைப் போட்டுத் தட்டை நகத்துன வேகத்துக்குக் கல்லென்ன, மலையே நகரும்.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னுங்க. ஒருநா மத்தியானம் மெஷின் கோடு எக்குத்தப்பா எம்பட மாட்டுச்சாளைக்குள்ள போயிருச்சு. சாளையில பாதி மச்சானுக்குன்னு ஆகுது! அது மெஷினுக்கு வெய்யில் பட்ட நாளுங்க, கணக்குல சேத்தலை. பொதுவாச் சொல்றேன், நமக்குச் சாதகமா வர்ற அன்னைக்குத்தான் மெஷின் தெளிவா இருக்கும். அது பழகப் பழகத்தான் தெரியும்.

அப்படித் தெளிவா இருந்த ஒரு நாளாப் பாத்து ஆளுகளைக் கூப்புட்டு வேலி போட்டுட்டேன். கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்துட்டேன். குழி வெட்டுன பண்டாரம் கேட்டான், “ஏனுங்க, வேலி நேராப் போகாம ஆடு மேஞ்சாப்பல போகுதே?”ன்னு. மெஷின் சொல்றாப்பல போகுது, நீ வெட்டுடான்னேன். மச்சான் அவரு பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தாரு. எல்லை மரத்துல மூணு மரம் எம்பட பக்கம் வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் துளசிமணி துணிமணியை எடுத்துட்டு அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. கம்பிக்கு அக்கட்டதான் அந்த ஊடு. அவ வாசல் கூட்டறது இங்கிருந்தே தெரியும். ஆனா கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டா.

அவளுக்குச் சட்டப்படி நிரூபிச்சுக் காட்டோணும்னுதான் சர்வேயருக்கு எழுதிப் போட்டேன். வந்தது ஒரு புள்ளைங்க, ஹேமலதான்னு பேரு. வெய்யிலுக்குத் துப்பட்டாவை மூஞ்சி முழுக்கச் சுத்திட்டு, முக்காலி மேல பெரிய மெஷினை நிறுத்தி, அது பாட்டுக்கு மணிக்கணக்கா நிக்க உட்டுருச்சு. நம்முளுது பொசுக்குனு சொல்லிருமே அம்மணின்னேன்.

அந்தப் புள்ள எம்பட மெஷினை வாங்கிப் பாத்துட்டுச் சொல்லுச்சு: “ஐயா, இது மூணு மீட்டர்னு காட்டறது, நீங்க மூணு மீட்டருக்குள்ளதான் இருக்கீங்கங்கற சத்தியம் இல்லீங்க. ஒரே எடத்துல நின்னு நூறு வாட்டி பாத்தீங்கன்னா, ஏறக்குறைய அறுபத்தெட்டு வாட்டி அந்த மூணுக்குள்ள உழுகும். மிச்சம் வெளிய உழுகும். எவ்வளவு வெளியன்னு இது சொல்லாது.”

“அறுபத்தெட்டா?”

“ஆமாங்கய்யா. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வாட்டி உள்ள இருக்கோணும்னா, மூணை ஆறுன்னு வெச்சுக்கோணும். அதுவும் வெட்டவெளியில. இங்க தென்னமட்டை மறைக்குது, சிக்னல் பட்டுத் தெறிச்சு வரும், இன்னும் மோசம். போதாததுக்கு, நீங்க குறிச்ச அன்னைக்கு ஒரு பெசகு, திரும்ப வந்து பாத்த அன்னைக்கு ஒரு பெசகு. ரெண்டும் சேந்தா கல்லு நகந்தாப்பலதான் தெரியும்.”

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அறுபத்தெட்டுங்கறது பஸ்ட் கிளாஸுங்க! எம்பட மருமகன் கணக்குல வாங்குனது நாப்பத்திரண்டு. அவனை நம்பிக் காத்தாடி நடறாங்க. அறுபத்தெட்டு வாங்குன மெஷினை நான் நம்பக் கூடாதா? அந்தப் புள்ளகிட்டயே கேட்டேன். அது துப்பட்டாவை இறக்கி உட்டுட்டு என்னைப் பாத்துச்சு. “ஐயா, மெஷின் பொய் சொல்லலைங்க. அது கொஞ்சமாச் சொன்னதை நீங்க ரொம்பக் கேட்டுட்டீங்க”ன்னுச்சு. படிச்ச புள்ளைங்க பேசறதே இப்படித்தான், ஒண்ணும் வெளங்காது.

கடைசியில நாலு கல்லும் அதது எடத்துல அப்படியே இருக்குதுன்னு சொல்லிருச்சு. வேலிதான் தப்பாம். மச்சான் தோப்புக்குள்ள ஒரு எடத்துல அஞ்சு மீட்டர் போயிருக்குதாம், எம்பட தோப்புக்குள்ள ஒரு எடத்துல மூணு மீட்டர் வந்திருக்குதாம். மச்சான், “பரவால்ல அம்மணி, இருக்கட்டும், நாய் வராம இருக்கும்”னாரு. எவ்வளவு நடிப்புப் பாருங்க.

எனக்கு மானம் போயிருச்சுங்க. ஊரே சிரிக்குது. டீக்கடையில எனக்கு டீ குடுக்கறவன் கிளாஸை எம்பட கைக்கு நாலு மீட்டர் தள்ளி நீட்டறான். சரி, கல்லை வெச்சாத்தானே நகத்தறாங்க, நகத்த முடியாததை வெச்சு மெஷினை நிரூபிப்போம்னு முடிவு பண்ணேன். நகத்த முடியாதது என்ன? கெணறு.

மச்சான் தோப்புல எல்லையை ஒட்டி ஒரு பழைய கெணறு கெடக்குது. தண்ணி எறைக்கறதில்லை. கைப்பிடிச் சுவரெல்லாம் இடிஞ்சு உழுந்து, ஓரமெல்லாம் புல்லு மண்டிக் கெடக்கும். நான் வேலிக்குள்ள புகுந்து போய் அதன் ஓரத்துல நின்னு குறிச்சுட்டேன். மறுநா மத்தியானம் வந்து, மெஷினைப் பாத்துட்டே கெணத்துக்கு நடக்கோணும், மெஷின் சரியாக் கொண்டு போய் ஓரத்துல நிறுத்தோணும். நிறுத்துச்சுன்னா ஜெயம்.

நடந்தேன். மெஷின் பதினஞ்சு மீட்டர்னுச்சு. பத்துன்னுச்சு. எட்டுன்னுச்சு. நிமுந்து பாக்கலாம்னு தோணுச்சுங்க, இல்லைங்கலை. ஆனா நிமுந்து பாத்துட்டா அப்பறம் மெஷினுக்கு என்ன மரியாதை? ஆறுன்னுச்சு. இன்னும் ஆறு மீட்டர் இருக்குதேன்னு தகிரியமா அடுத்த காலை எடுத்து வெச்சேன்.

வெச்ச எடத்துல தரை இல்லீங்க.

உழுந்தேன். நல்லவேளை நெஞ்சளவு தண்ணி கெடந்துச்சு. சேறு. ஒரு தவளை எம்பட தலையில ஏறி உக்காந்துச்சு. மெஷின் மட்டும் கையை உட்டுப் போகலை, கயித்தை மணிக்கட்டுல மாட்டியிருந்தேன். அது தண்ணிக்கு அசையாத ஜாதி. எடுத்துப் பாத்தா, “செட்டலைட் தேடிக்கிட்டிருக்கேன்”னு போட்டிருக்குது. கத்துனேன். கத்துன கத்துல மச்சான் சத்தம் குடுத்தாரு, தூரத்துலருந்து.

“மாப்ளே! எங்கப்பா இருக்கே?”

“தெரியலீங் மச்சான்! செட்டலைட் கெடைக்கலை!”

நீங்க சிரிக்கறதுக்காகச் சொல்லலைங்க. அப்படித்தான் சொன்னேன். பதட்டத்துல கெணறுங்கற வார்த்தையே வாயில வரலை.

அவரு எப்படிக் கண்டுபுடிச்சாருன்னா, செருப்புல ஒண்ணு மேல கெடந்திருக்குது. எட்டிப் பாத்தாரு. திட்டலை. சிரிக்கலை. தோப்புல ஆளு யாருமில்லை, எல்லாரும் சோத்துக்குப் போயிட்டாங்க. அந்தக் கெணத்துல உள்சுவத்துல கல்லுப் படி நீட்டிட்டிருக்கும். அந்த முட்டியை வெச்சுட்டு, ஒவ்வொரு படியா, சுவத்தைக் கட்டிப் புடிச்சுட்டு எறங்குனாரு. அடியில நாலஞ்சு படி ஒடஞ்சு போயிருந்துச்சு. கடைசிப் படியிலருந்து தண்ணியிலயே குதிச்சுட்டாரு. “தோளு மேல ஏறு”ன்னாரு. “வேண்டாமுங், உங்க முட்டி...”ன்னேன். “ஏறுடா”ன்னாரு. அம்பது வயசுக்கு மேல என்னை ஒருத்தர் டான்னு கூப்புட்டது அதுதான் மொத வாட்டி.

நான் அப்பக் கொஞ்சம் எடை சாஸ்திங்க. ஏறி நின்னு படியை எட்டிப் புடிச்சப்ப, கீழ ஒரு சத்தம் கேட்டுச்சு. மட்டை முறிஞ்சாப்பல. “நீ ஏறு”ன்னாரு. நான் மேல வந்து ஆளுகளைக் கூட்டியாந்து கயிறு கட்டித் தூக்குனதுக்கப்பறந்தான் பாத்தேன், இடது முட்டி பூசணிக்காயாட்ட வீங்கியிருக்குது. ஏற்கெனவே வலி இருந்த முட்டிதானுங்க. நான் சொன்னனே, மொதல்லயே தைலம் தேச்சுட்டிருந்தாருன்னு.

கட்டில்ல படுக்க வெச்சுத் துளசிமணி ஒத்தடம் குடுத்துட்டிருந்தா. என்னை அவ பாக்கவே இல்லை. நான் ஈரத்துணியோட நின்னேன். கேட்டுட்டேன்:

“மச்சான், கெணறு ஆறு மீட்டர் தள்ளி இருக்கோணுமுங்க.”

துளசிமணி ஒத்தடத் துணியை என் மேல எறியறதுக்குக் கையை ஓங்கிட்டா. மச்சான் அவ கையைப் புடிச்சுட்டாரு. என்னை உத்துப் பாத்தாரு. அப்பறம் மெதுவாச் சொன்னாரு:

“ஆமா மாப்ளே. நாந்தான் நகத்துனேன்.”

“கெணத்தையுங்களா?”

“கெணத்தையும், கல்லையும். ரெண்டு ஆளு புடிச்சு நகத்துனோம். தப்புதான். உட்டுரு.”

சொல்றப்பவே அவருக்குத் தோளு குலுங்குது, கண்ணுல தண்ணி வந்திருச்சு. அவ்வளவு வருத்தம். துளசிமணி முந்தானையை வாயில வெச்சுட்டுப் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் ஓடியே போயிட்டா. அண்ணன் தலைகுனியறதைப் பாக்க எந்தத் தங்கச்சிக்குத்தான் மனசு வரும்?

செஞ்சதை ஒப்புக்கறதுக்குப் பெரிய மனசு வேணுமுங்க. அவரே ஒப்புக்கிட்டதுக்கப்பறம் நான் என்ன பேசறது? மன்னிச்சுட்டேன். அடுத்த நாளே ஆளை உட்டு வேலியைப் புடுங்கிட்டேன். துளசிமணி ஊட்டுக்கு வந்துட்டா. வந்ததும் மெஷினை வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா. போகட்டும்னு உட்டுட்டேன்.

ஆனா முட்டி சரியாகலைங்க. கட்டுப் போட்டுப் பாத்தாச்சு, எண்ணெய் போட்டுப் பாத்தாச்சு. காலை ஊனி நடக்கவே முடியலை. போன வாரம் கோயமுத்தூர்ல பெரிய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். முட்டியவே மாத்தோணும்னுட்டாரு. நல்லா வருமுங்களான்னேன். “தொண்ணூத்தஞ்சு சதவீதம் நல்லா வந்துரும், பயப்படாதீங்க”ன்னாரு.

“மிச்சம் அஞ்சு என்னாகுமுங்க?”

“வயசான ஒடம்பு, சர்க்கரை இருக்குது. சில பேருக்குச் சீழ் வைக்கும், சில பேருக்கு ரத்தம் கட்டும். அது ரொம்பக் கம்மிங்க.”

“இவரு அந்த அஞ்சுல இல்லைன்னு சொல்லுங்க.”

“அப்படி எப்படிங்க சொல்ல முடியும்? நூறு பேருக்குப் பண்ணுனா தொண்ணூத்தஞ்சு பேருக்கு...”

“எனக்கு நூறு பேரு வேண்டாமுங். எனக்கு இவரு ஒருத்தருதான்.”

டாக்டரு பேனாவை வெச்சுட்டாரு. சண்டைக்கு வந்துட்டேன்னு நெனச்சிருப்பாரு. நான் ரோசனை பண்ணி, ரெண்டு முட்டியும் மாத்துனா நூத்தித் தொண்ணூறு ஆகுங்களே, நூறைத் தாண்டிருமேன்னு கேட்டேன். அப்படிக் கூட்டக் கூடாதாம். ரெண்டு பண்ணுனா பயம் இன்னும் எச்சுதானாம். என்ன கணக்குங்க இது?

வெளிய வந்து மச்சான்கிட்டச் சொன்னேன். “ஆபரேசனே வேண்டாமுங். நீங்க நொண்டிட்டே இருங்க. நான் தெனமும் வந்து தோட்டத்துக்கு வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், தண்ணி கட்டறேன், உங்க காயும் சேத்து எண்ணிப் போடறேன். அஞ்சுங்கறது சாதாரணமில்லீங் மச்சான்.”

அவரு பெஞ்சுல காலை நீட்டிட்டு உக்காந்திருந்தாரு. எம்பட முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு.

“அட போடா மாப்ளே. அறுபத்தெட்டை நம்பி நீ வேலியே போட்டே. தொண்ணூத்தஞ்சை நம்பி நான் படுக்க மாட்டனா?”

இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்தறோம், நாளைக்குக் காலையில ஆபரேசன். பொம்பளைங்க சாமானெல்லாம் எடுத்துட்டு மருமகன் கார்ல முன்னாலயே போயிட்டாங்க. இவருக்குக் கார்ல காலை மடக்க முடியலை, அதனால பஸ்ஸு. ஆபரேசன் ரூமுக்குள்ள போறப்ப வாசல் வரைக்கும் நான் வரலாமான்னு நர்சம்மாகிட்டக் கேட்டு வெச்சிருக்கேன். கதவு வரைக்கும் உடுவாங்களாம்.

ஈச்சனாரி வந்துருச்சுங்களா? அடுத்த ஸ்டாப்பிங் நம்முளுது. தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இவரை எழுப்பி எறக்கோணும். நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன், நீங்க அந்தப் பக்கத் தோளுக்குக் கை குடுங்க. மெதுவா. இடது காலு தரையில படாமப் பாத்துக்குங்க. மச்சான், எந்திரிங்க. நான் புடிச்சிருக்கேன், எந்திரிங்க.